தோற்பதற்கும் முதல் வேண்டும்

எங்கள் கல்லூரியில் தொழில்முனைவு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் நன்றாகவே பேசினார். தான் மூன்று நிறுவனங்கள் தொடங்கியதாகவும் அதில் இரண்டை மூடிவிட்டதாகவும் சொன்னார். அந்த இரண்டும்தான் தனக்குப் பாடம் கற்பித்தன என்றார். திரையில் ‘தோல்வியைக் கொண்டாடுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். பாலக்கோடு பக்கத்துப் பெண்.

“மூடுனப்ப அந்தக் கடன யாரு சார் கட்டுனாங்க?”

“அது கடன் இல்லம்மா. இன்வெஸ்ட்மென்ட்.”

“அப்ப யாரும் வீட்டுக்கு வந்து உக்காரலீங்களா சார்?”

அரங்கம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. விவரம் கேட்கத்தான் எழுந்திருந்தாள்.

அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டார்ட்அப் செய்திகளை நான் படிக்கும் விதம் மாறியது. நான் இலக்கியம் நடத்துகிறவள். ஒரே வகைமையில் நூறு பிரதிகளை வாசித்தால் அதன் கதைப்பின்னல் கையில் வந்துவிடும். இங்கே நாயகன் ஒரு நல்ல வேலையை விடுகிறான். அப்பா கோபித்துக்கொள்கிறார். சேமிப்பு கரைகிறது. ஒரு நண்பன் சேர்கிறான், ஒரு முதலீட்டாளர் கண்ணில் படுகிறார், பிறகு தலைப்பில் இத்தனை கோடி என்று வருகிறது. நிறுவனர் பெண்ணாக இருந்துவிட்டால் கூடுதலாக இரண்டு வரிகள்: குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், கணவர் எப்படி ஒத்துழைத்தார். ஆண் நிறுவனரிடம் மனைவி எப்படி ஒத்துழைத்தார் என்று கேட்டு நான் படித்ததில்லை. கேட்டால் அந்த நிறுவனத்தின் முதல் முதலீட்டாளர் யார் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நிற்கும் இடம் அந்த முதல் வரிதான். விடுவதற்கு ஒரு வேலை இருந்தது. கரைவதற்குச் சேமிப்பு இருந்தது. வேலையை விட்ட பிறகும் வீட்டில் உலை கொதித்தது. ஃபால்குனி நாயர் 2012இல் நைக்காவைத் தொடங்கினார். 2021 நவம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தது. ‘ஐம்பது வயதிலும் தொடங்கலாம்’ என்று பெண்களுக்கான பக்கங்களில் எழுதித் தீர்த்தார்கள். அவர் அதற்கு முன் முதலீட்டு வங்கித் துறையில் உயர் பதவியில் இருந்தவர் என்பதும் அதே கட்டுரைகளில் இருந்தது, ஏதோ சுவையான பின்குறிப்பைப் போல. அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. வயதைப் பாடமாக்கி, வங்கியைப் பின்குறிப்பாக்கிய எழுத்தைத்தான் சொல்கிறேன்.

செய்தியை விட்டு அரசு ஆவணத்துக்கு வருவோம். 2016 ஜனவரி 16 அன்று ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டம் தொடங்கப்பட்டது. யாரை ஸ்டார்ட்அப் என்று ஏற்பது என்பதற்கு ஒன்றிய அரசு 2019 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கை ஒரு வரையறை தந்தது: பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகவோ பதிவுபெற்ற கூட்டாண்மையாகவோ இருக்க வேண்டும், பதிவாகிப் பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, எந்த ஆண்டிலும் விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டியிருக்கக் கூடாது, புதுமை இருக்க வேண்டும், அல்லது பெரிதாக விரியும் தொழில்முறையாக இருக்க வேண்டும். இப்படி ஏற்கப்பட்டால் பல சலுகைகள் உண்டு. மூன்று ஆண்டு வருமான வரி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். சிட்பி வழியாக 10,000 கோடி ரூபாய் நிதியம் ஒன்று ஒதுக்கப்பட்டது. அது முதலீட்டு நிதியங்களுக்குப் போய், அவற்றின் வழியாக நிறுவனங்களுக்கு வரும். 2016 செயல்திட்டத்தில் என்னை நிறுத்தி வாசிக்க வைத்த பகுதி இன்னொன்று. தொழில் சரிவராவிட்டால் 90 நாட்களுக்குள் நிறுவனத்தை மூடிவிட்டு வெளியேற வழிசெய்வோம் என்கிறது அது. தோல்வி சகஜம், தோற்றவரின் வீடும் நகையும் அதோடு போய்விடக் கூடாது, அவர் அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்று அரசு நினைத்திருக்கிறது. நல்ல நினைப்பு. இதே நினைப்பு எங்கள் மாவட்டத்துப் பெண்கள்மீது ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் தருமபுரிப் பெண்கள் தொழில் தொடங்கக் கூடிய வரலாறு 2016க்கு வெகு முந்தையது. 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுத் திட்டம் முதலில் தொடங்கியது இங்கேதான். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. இங்கே முளைத்தது பிறகு சேலம், தென்னாற்காடு என்று பரவி, 1990களின் இறுதியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் போனது. நபார்டு வங்கி நாடு முழுவதற்குமாக 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோட்டத்தை 1992இல்தான் தொடங்கியது. தருமபுரி அதற்கு மூன்றாண்டு முந்தியது.

இன்றைய மொழியில் சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டிலிருந்து இருபது நிறுவனர்கள். வாரம் ஐந்தோ பத்தோ ரூபாய் சந்தா. அந்தச் சந்தாவிலிருந்து உள்கடன். ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்புகள். தீர்மான நோட்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர் போடப் பழகி, பேருந்தேறி வங்கிக்குப் போய், மேலாளர் முன் உட்கார்ந்து பேசிய நாள். 2011 கணக்கெடுப்பில்கூட மாநிலத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது. ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள் என்று பாலின விகிதத்திலும் கடைசி. பெண் சிசுக்கொலையால் செய்திகளில் அடிபட்ட ஊர்கள் இவை. இங்கே ஒரு பெண் தன் பெயரில் பாஸ்புக் வைத்திருந்தது புதுமை இல்லையென்றால் வேறு எது புதுமை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அறிவிக்கையின் வாசலில் குழு நுழைய முடியாது. அது கம்பெனி இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரைப் பொறுத்துத்தான் பணம் எந்த வடிவத்தில் வரும் என்பது தீர்மானமாகிறது. ஸ்டார்ட்அப் என்றால் பணம் பங்காக வரும். லாபம் வந்தால் பகிர்வார்கள். நட்டமானால் போட்டவரோடு போய்விடும். குழு என்றால் பணம் கடனாகத்தான் வரும். எருமை செத்தாலும், தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கினாலும் தவணை நிற்காது. அதிலும் கூட்டுப் பொறுப்பு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கம்பெனிச் சட்டம் நிறுவனரையும் கடனையும் பிரித்து நடுவில் ஒரு சுவர் கட்டுகிறது. குழுவில் அந்தச் சுவர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியே ஜாமீன். முப்பது வருடமாக ‘பெண்கள் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள்’ என்று மேடைதோறும் பாராட்டுகிறோம். என் அம்மாவும் ஒரு குழுவில் ஊக்குநராக இருந்தவர்தான். ஒரு வருடம் அவர் காதில் இருந்த தோடு வேறொரு பெண்ணின் தவணைக்காக அடகுக்குப் போனது. அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோடு நினைவுக்கு வரும்.

குழுக்கள் தட்டிவைத்த பாதையில் பின்னால் வந்தவை மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள். குழு என்ற சொல்லையும் கூட்டு ஜாமீனையும் எடுத்துக்கொண்டு, சேமிப்பையும் தீர்மான நோட்டையும் விட்டுவிட்டார்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து புது விதிமுறை கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் நுண்கடன்; அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புக்காக வைத்த வரம்புதான். ஆனால் பாதி என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அதே விதிமுறை இந்தக் கம்பெனிகள் மீதிருந்த வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு மசோதாவை நிறைவேற்ற வேண்டிவந்தது. அந்த மாணவி கேட்டாளே, வீட்டுக்கு வந்து உட்காருவது, அதற்குத்தான் அந்த மசோதா.

தொழில்நுட்பம் கிராமத்துப் பெண்ணை எப்படித் தொட்டது என்று கேட்டால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 2020க்குப் பிறகு கடன் செயலிகள் போனில் இருக்கும் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அசிங்கமாகச் செய்தி அனுப்பி, படத்தை மாற்றி மிரட்டியதையும் அதனால் உயிர்கள் போனதையும் படித்தோம். தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. பெண்ணின் மானத்தை ஈடாக வைத்துக் கடன் தருவது புதிதல்ல, எங்கள் ஊர் வட்டிக்காரருக்கும் தெரிந்த வித்தைதான். செயலி அதை வேகமாகச் செய்தது.

சரி, ஸ்டார்ட்அப் உலகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட பெண்கள்? 2024 அக்டோபர் கணக்குப்படி, ஒன்றிய அரசு ஏற்ற ஸ்டார்ட்அப்களில் 73,000க்கும் மேற்பட்டவற்றில், ஏறக்குறைய பாதியில், குறைந்தது ஒரு பெண் இயக்குநர் இருக்கிறார். இந்த எண்ணைப் பெண்களின் எழுச்சி என்று கொண்டாடினார்கள். ‘குறைந்தது ஒரு’ என்ற சொற்களை மெதுவாக வாசியுங்கள். நம் ஊரில் மனைவி பெயரில் கடை, அம்மா பெயரில் லாரி, கொழுந்தியா பெயரில் ரேஷன் கடை எடுப்பதைப் பார்த்தவர்கள் நாம். ஊராட்சித் தலைவியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் கணவரைப் பார்த்தவர்கள். அந்த 73,000இல் உண்மையாகவே நிறுவனத்தை நடத்தும் பெண்கள் நிச்சயம் உண்டு. கையெழுத்து மட்டும் போடுகிறவர்களையும் அவர்களையும் அந்த எண் பிரித்துக் காட்டாது. யாருக்கு எத்தனை சதவீதப் பங்கு, காசோலையில் யார் கையெழுத்து என்று கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

நடத்துகிறவர்களுக்கும் கேள்விகள் வேறு. டானா கான்ஸேயும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. நியூயார்க்கில் நடந்த ஒரு ஸ்டார்ட்அப் போட்டியின் கேள்வி பதில்களை எழுத்தெழுத்தாகப் பார்த்தார்கள். ஆண் நிறுவனர்களிடம் கேட்கப்பட்டவற்றில் 67 சதவீதம் எப்படி வளர்வாய் என்ற ரகம். பெண்களிடம் கேட்கப்பட்டவற்றில் 66 சதவீதம் எப்படி இழக்காமல் இருப்பாய் என்ற ரகம். வளர்ச்சிக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்குப் பல மடங்கு அதிகம் முதலீடு வந்தது. கேட்டவர்களில் பெண் முதலீட்டாளர்களும் இருந்தார்கள். அவர்களும் இப்படியேதான் கேட்டார்கள். நான் இதை வகுப்பில் சொன்னபோது மாணவிகள் ஆச்சரியப்படவில்லை. காலேஜுக்குப் போறேன் என்றபோது தங்களிடம் கேட்கப்பட்டதும் இரண்டாவது ரகக் கேள்விதான் என்றார்கள்.

ஸ்டார்ட்அப் உலகத்தில் பெண்களே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. வேறு இடத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழகுக்கலை செய்யும் பெண்களை அர்பன் கம்பெனி ‘பார்ட்னர்’ என்று அழைக்கும். 2021இல் கமிஷனையும் விதிகளையும் எதிர்த்து குருகிராமில் அந்த பார்ட்னர்கள் போராடினார்கள். டிசம்பரில் நிறுவனம் அவர்கள்மீதே வழக்குத் தொடுத்தது. லாபத்தில் பங்கில்லாத கூட்டாளி. குடும்பத் தொழிலில் உழைக்கும் பெண்ணை ‘உதவியாளர்’ என்று எழுதும் அரசுக் கணக்கெடுப்பாவது கூலி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறது.

நமக்குப் பக்கத்தில் நடப்பதைப் பார்ப்போம். போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே இயக்குவார்கள், முழுத் திறனில் 10,000 பெண்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஓசூர்ப் பக்கம் போன் உதிரிபாக ஆலைகளுக்கும் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் வேனில் போகிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள். இதை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. மாதச் சம்பளம் ஒரு பெண்ணின் கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடும். பதினேழு வயதில் தாலி ஏறும் ஊர்களில் அது பெரிய காரியம். என் முன்னாள் மாணவி ஒருத்தி முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு பீரோ வாங்கினாள், பூட்டோடு. அந்தப் பூட்டைப் பற்றி அவள் சொன்னபோது குரலே வேறாக இருந்தது.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. மின்வாகனம் என்றால் சிரித்த காலத்தில், 2008இல் கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை. 2018இல் அதை கிரீவ்ஸ் காட்டன் வாங்கியது. அந்தத் தொழிலுக்குப் பெரும் பணம் வந்து சேர்ந்த காலத்தில், அதில் பெண்ணின் இடம் என்று நமக்குக் காட்டப்படுவது அசெம்பிளி லைன். அதையும் ‘பெண் சக்தி’ என்று சொல்லிக் காட்டுகிறார்கள். 2021 செப்டம்பரில்தான் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானது. இந்தியாவில் அதன் ஊழியர்கள் 500க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள் ஆனதாகச் செய்தி. அவர்களிடம் பங்கு இருந்தது, அவ்வளவுதான். கிருஷ்ணகிரிச் செய்தியும் நாஸ்டாக் செய்தியும் ஒரே மாதத்தில் வந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதிய கட்டுரை எதையும் நான் பார்க்கவில்லை.

மாநில அரசு செய்வதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘டான்சீட்’ திட்டத்தில் ஆரம்பநிலை நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய். பெண்கள் தலைமையேற்கும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம் என்றால் 15 லட்சம். 2022–23இல் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கென்று 30 கோடி ரூபாயில் தொடங்கிய நிதியம் கடன் தரவில்லை, பங்காக முதலீடு செய்கிறது. எனக்கு இதில் பிடித்தது அதுதான். சொந்தக்காரர்களில் பணக்காரர் இல்லாதவருக்கு அரசே அந்தப் பணக்காரச் சொந்தமாக நிற்கிறது. சாதி என்பது அவசரத்துக்குக் கைநீட்டினால் கிடைக்கும் பணம் எவ்வளவு என்பதும்தானே. ஆனால் இவை எல்லாமே கம்பெனிக்கு. கம்பெனியாகப் பதிய ஆடிட்டர் வேண்டும், இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தொழில்திட்டத்தைப் படம்போட்டு விளக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலையில் முதல்வர் தொடங்கிவைத்தது எங்கள் தொப்பூரில்தான். பெண்கள் இருக்கும் இடத்துக்கே போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க அரசுக்குத் தெரியும். மாதம் 1,000 ரூபாய்க்கு அப்படிச் செய்ய முடிந்தது. 15 லட்சத்துக்கும் செய்யலாம்.

அந்த மாணவி பிறகு என் அறைக்கு வந்தாள். பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூட ஆகாது. சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் அம்மாவின் குழு அப்படி மிஞ்சும் பழத்தைக் காயவைத்து விற்றுப் பார்த்திருக்கிறது. மழை வந்தால் பூஞ்சை பிடித்துவிடும். சூரிய வெப்பத்தில் இயங்கும் உலர்த்தி ஒன்றைச் செய்தால் என்ன என்று இவள் யோசித்து வைத்திருக்கிறாள்; பெட்ரோல் பங்க் வேலைக்குப் போகும் அண்ணனின் நண்பன் ஒருவனிடம் தகர அளவெல்லாம் கேட்டிருக்கிறாள். இருவரும் விண்ணப்பத்தைத் திறந்தோம். நிறுவனர் பெயர் என்ற கட்டத்தில் கை நின்றது.

“பதினாலு பேர் மேடம். யார் பேரப் போடறது?”

கம்பெனிக்கு யார் யார் பங்குதாரர் என்று ஆளுக்கு எத்தனை பங்கு எழுத வேண்டும் என்று விளக்கினேன். குழுவில் எல்லோருக்கும் சமம்தான் என்றாள். ஆதார், பான் கார்டு என்று பட்டியல் போட்டோம். பதினாலு பேரில் எத்தனை பேரிடம் பான் கார்டு இருக்கிறது என்று கேட்க அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அம்மா களத்தில் இருந்தார்; பின்னால் யாரோ கோழியை விரட்டும் சத்தம். மகள் விவரத்தைச் சொன்னாள். பதினஞ்சு லட்சம் என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“வாரமா, மாசமா கண்ணு? எவ்வளவு கட்டணும்?”

“கட்ட வேண்டாம்மா. பங்கு மட்டும் கொஞ்சம் குடுக்கணும்.”

“கட்ட வேண்டாத பணத்த எவன் கண்ணு குடுப்பான்? நல்லா விசாரி. மேடம் பக்கத்துல இருந்தா அவங்ககிட்ட குடு.”

போனை வாங்கினேன். அரை மணி நேரம் பேசினோம். பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. நட்டமானா யாரு வருவாங்க என்று மூன்று முறை கேட்டார். யாரும் வரமாட்டார்கள் என்று மூன்று முறையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது, வந்து நீங்களே சொல்லுங்கள், அதையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்.